புளோரைடு நீக்கக் கலன்

புளோரைடு நீக்கக் கலன் என்பது குடிநீரில் கரைந்துள்ள மிகையான புளோரைடைக் கவர்ந்து வைத்துக்கொள்ளும் மணிகள் நிரப்பப்பட்ட கொள்கலம் ஆகும். உள்ளே நிரப்பப்படும் மணிகள் ஊடகம் என்றும், அவை அடுக்கப்பட்டுள்ள பகுதி படுகை என்றும் அழைக்கப்படுகின்றன. கிணற்று நீர் படுகையினூடாக மெதுவாகச் செல்லும்போது புளோரைடு அயனிகள் மணிகளின் பரப்பில் தங்கிவிட, புளோரைடு குறைந்த நீர் வெளிவருகிறது. தமிழ்நாட்டின் தருமபுரி மாவட்டம் போன்று, நிலத்தடி நீரில் இயற்கையாகவே புளோரைடு மிகுந்துள்ள பகுதிகளில் இத்தகைய கலன்கள் பயன்படக்கூடியவை. கடல்நீர் மீன்தொட்டிகளில் பாசுபேட்டை நீக்கப் பயன்படும் ஊடகக் கலன்களும் இதே கோட்பாட்டில் இயங்குகின்றன.

இக்கலன் நன்கு வேலை செய்யும்போதும், வேலை செய்வதை நிறுத்திவிட்ட பின்னரும், வெளிவரும் நீர் கண்ணுக்கும் நாவுக்கும் ஒன்றுபோலவே இருக்கும். புளோரைடுக்கு நிறமோ மணமோ இல்லை. குடிநீரில் காணப்படும் அளவுகளில் சுவையும் தெரிவதில்லை. எனவே ஊடகத்தைத் தேர்தல், கலனின் அளவைக் கணித்தல், வெளிவரும் நீரை முறையாகச் சோதித்தல் ஆகிய மூன்றும் சேர்ந்தே இம்முறை பயன் தரும்.

தருமபுரியில் புளோரைடு

தருமபுரி மாவட்டம் 1965 அக்டோபர் 2 அன்று சேலம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. 2004 பெப்ரவரியில் இதிலிருந்து கிருஷ்ணகிரி மாவட்டம் பிரிந்தது. இவ்விரு மாவட்டங்களின் பெரும்பகுதியும் சார்னோக்கைட்டு, நைசு, கிரானைட்டு போன்ற மிகப் பழமையான கடினப் பாறைகளின் மேல் அமைந்துள்ளது. இப்பாறைகளில் உள்ள அபடைட்டு, பயோடைட்டு, ஆர்ன்பிளெண்டு, புளோரைட்டு முதலிய கனிமங்களில் புளோரின் அடங்கியுள்ளது. பாறை வெடிப்புகளில் தங்கும் நீர் இக்கனிமங்களுடன் நீண்ட காலம் தொடர்பு கொள்வதால் புளோரைடு நீரில் கரைகிறது.

நீரில் கால்சியம் மிகுந்திருந்தால், புளோரைடின் ஒரு பகுதி கால்சியம் புளோரைடாகப் படிந்துவிடும். மாறாக, சோடியமும் பைகார்பனேட்டும் மிகுந்து கால்சியம் குறைந்த நீரில் புளோரைடு கரைந்த நிலையிலேயே நிற்கும். ஆகவே ஒரே ஊரில் அருகருகே உள்ள இரண்டு கிணறுகளில் புளோரைடு அளவு பெரிதும் வேறுபடுவது உண்டு. ஆழ்துளைக் கிணறுகளில் நீர் பாறையுடன் தொடர்பில் இருக்கும் காலம் மிகுதி என்பதால், ஆழமாகத் தோண்டுவது நல்ல நீரைத் தரும் என்ற பொதுவான எண்ணம் இங்கு பொருந்துவதில்லை.

இந்தியத் தரநிலை (ஐ.எஸ். 10500) குடிநீரில் ஏற்கத்தக்க புளோரைடு அளவை லிட்டருக்கு 1.0 மில்லிகிராம் எனவும், வேறு நீர் ஆதாரம் இல்லாதபோது பொறுத்துக்கொள்ளத்தக்க உச்ச அளவை 1.5 மில்லிகிராம் எனவும் வரையறுக்கிறது. உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டு மதிப்பும் 1.5 மில்லிகிராம் ஆகும். ஒப்பீட்டுக்காக, கடல்நீரில் ஏறத்தாழ 1.3 மில்லிகிராம் புளோரைடு உள்ளது. புளோரைடு மிகுந்த கிணறுகளின் நீர் குடிப்பதற்கு இனிமையாக இருந்தாலும், இந்த ஒரு பொருளைப் பொறுத்தவரை கடல்நீரையும் விஞ்சி நிற்கிறது.

உடல்நலப் பாதிப்பு

சிறிதளவு புளோரைடு பற்சிதைவைக் குறைக்கிறது. அளவு மிகும்போது புளோரோசிஸ் என்னும் நோய் ஏற்படுகிறது. தென்னிந்தியாவில் இந்நோய் முதன்முதலாக 1937 ஆம் ஆண்டு, அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூர் மாவட்டத்திலிருந்து மருத்துவ இதழ்களில் பதிவு செய்யப்பட்டது.

பற்புளோரோசிஸ்: நிலைப்பற்கள் ஈறுக்குள் உருவாகும் காலத்தில், அதாவது ஏறத்தாழ எட்டு வயதுக்குள், மிகையான புளோரைடு உட்செல்வதால் ஏற்படுகிறது. பற்களில் வெண்புள்ளிகளும் பின்னர் மஞ்சள் அல்லது பழுப்புக் கறைகளும் தோன்றும். இக்கறை பல்லின் உள்ளமைப்பிலேயே இருப்பதால் துலக்குவதால் நீங்காது.

எலும்புப் புளோரோசிஸ்: பல ஆண்டுகளாக மிகையான புளோரைடு எலும்புகளில் சேர்வதால் ஏற்படுகிறது. மூட்டுவலி, கழுத்தும் முதுகும் விறைத்தல் ஆகியவை தொடக்க அறிகுறிகளாகும். முற்றிய நிலையில் முதுகெலும்பு வளைந்து நடமாட்டம் தடைப்படலாம்.

இவ்விரு வகையிலும் ஏற்பட்டுவிட்ட சேதத்தை முழுமையாக மாற்றும் மருந்து இல்லை. தடுப்பு ஒன்றே வழி. குடிக்கவும் சமைக்கவும் பயன்படும் நீரே உடலுக்குள் புளோரைடு செல்லும் முதன்மையான வழி என்பதால், அந்நீரை மட்டும் தூய்மைப்படுத்துவதும் பெரும் பயன் தரும். குளிக்கவும் துவைக்கவும் பயன்படும் நீரிலிருந்து புளோரைடை நீக்கத் தேவையில்லை.

நீரைக் கொதிக்க வைப்பதால் புளோரைடு நீங்காது. நீர் ஆவியாகிக் குறைவதால் எஞ்சிய நீரில் அதன் செறிவு சற்றுக் கூடவே செய்யும்.

செயற்படும் முறை

ஒரு பொருள் மற்றொன்றின் பரப்பில் ஒட்டி நிற்பது பரப்புக் கவர்ச்சி எனப்படும். பஞ்சு நீரை உள்ளே உறிஞ்சுவதிலிருந்து இது வேறுபட்டது. பரப்புக் கவர்ச்சியில் பரப்பின் அளவே முதன்மையானது. அலுமினியம் ஐதராக்சைடைச் சூடுபடுத்திப் பெறப்படும் கிளர்வுற்ற அலுமினா எண்ணற்ற நுண்துளைகளைக் கொண்டது. அதன் ஒரு கிராம் மணிகளில் உள்ள மொத்தப் பரப்பு பொதுவாக 200 சதுர மீட்டருக்கும் மேற்பட்டது.

அலுமினாவின் பரப்பில் உள்ள ஐதராக்சைல் தொகுதிகளின் இடத்தைப் புளோரைடு அயனிகள் பிடித்துக்கொள்கின்றன. நீர் சற்று அமிலத்தன்மையுடன், பிஎச் மதிப்பு 5.5 முதல் 6 வரை இருக்கும்போது இச்செயல் மிகச் சிறப்பாக நிகழ்கிறது. காரத்தன்மை கூடக்கூட அலுமினாவின் கொள்திறன் குறைகிறது. பைகார்பனேட்டு, சிலிக்கா, பாசுபேட்டு போன்றவையும் பரப்பில் இடம்பிடிக்கப் புளோரைடுடன் போட்டியிடுகின்றன. கடினப் பாறைப் பகுதிக் கிணற்று நீர் பெரும்பாலும் சற்றே காரத்தன்மையும் மிகுந்த பைகார்பனேட்டும் கொண்டது. ஆகவே ஆய்வகத்தில் தூய நீரைக் கொண்டு அளந்து விற்பனையாளர் தரும் கொள்திறன் எண், இத்தகைய கிணற்று நீரில் அப்படியே கிடைக்கும் என்று எதிர்பார்க்கக்கூடாது.

கடல்நீர் மீன்தொட்டியில் ஒத்த கலன்கள்

பவளங்களை வளர்க்கும் கடல்நீர் மீன்தொட்டிகளில், மீனுக்கு இடும் உணவிலிருந்து பாசுபேட்டு சேர்ந்து பாசி பெருகுகிறது. இதனைக் குறைக்கச் சிறிய குழாய்க் கலன் ஒன்றில் மணி வடிவ இரும்பு ஐதராக்சைடையோ கிளர்வுற்ற அலுமினாவையோ நிரப்பி, சிறு நீரேற்றி மூலம் தொட்டி நீரைக் கீழிருந்து மேலாகச் செலுத்துவர். நீரின் நிறத்தையும் மணத்தையும் நீக்கக் கிளர்வுற்ற கரி பயன்படுகிறது. தருமபுரியில் புளோரைடை நீக்க உதவும் அதே அலுமினா அங்கே பாசுபேட்டை நீக்க உதவுகிறது.

இரண்டிற்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. மீன்தொட்டியில் ஒரே நீர் மீண்டும் மீண்டும் கலனுக்குள் வருகிறது; முதல் முறை தப்பிய பாசுபேட்டு அடுத்த முறை பிடிபடலாம். குடிநீர்க் கலனில் நீர் ஒரே ஒரு முறைதான் கடக்கிறது. எனவே மீன்தொட்டிக்காக விற்கப்படும் சிறிய கலனை அப்படியே குடிநீருக்குப் பயன்படுத்த முடியாது. தொடர்பு நேரம் போதாது என்பதோடு, அவற்றின் ஊடகம் குடிநீர்த் தரத்திற்காகச் சோதிக்கப்பட்டதாகவும் இருக்காது.

ஊடகத்தைத் தேர்ந்தெடுத்தல்

கிளர்வுற்ற அலுமினா: புளோரைடை நன்கு கவரும், பலமுறை மீளுருவாக்கிப் பயன்படுத்தலாம். கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகம் 1990களில் யுனிசெப் ஆதரவுடன் இதனைக் கொண்டு வீட்டு அளவிலான வடிகலன்களை உருவாக்கியது. அவை ஆந்திரப் பிரதேசம், ராஜஸ்தான் ஆகிய மாநிலங்களின் சிற்றூர்களில் பயன்பாட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டன.

எலும்புக் கரி: விலங்கு எலும்புகளைக் காற்றுக் குறைவான சூழலில் சுட்டுப் பெறப்படுகிறது. எலும்பில் உள்ள ஐதராக்சி அபடைட்டு புளோரைடைப் பிணைத்துக்கொள்கிறது. கென்யா, தான்சானியா ஆகிய நாடுகளில் பயன்பாட்டில் உள்ளது. சமய, உணவுப் பழக்கக் காரணங்களால் இந்தியாவில் பலர் இதனை ஏற்பதில்லை.

கிளர்வுற்ற கரி: குளோரின், நிறம், மணம் ஆகியவற்றை நன்கு நீக்கும், ஆனால் புளோரைடை மிகக் குறைவாகவே நீக்கும். கரியும் புற ஊதா விளக்கும் மட்டும் கொண்ட வீட்டு வடிகட்டிகள் கிருமிகளிலிருந்து காத்தாலும் புளோரோசிஸிலிருந்து காப்பதில்லை. புளோரைடுப் பகுதிகளில் நீர் வடிகட்டி வாங்குவோர் கட்டாயம் அறிந்திருக்க வேண்டிய செய்தி இது.

இரும்பு ஐதராக்சைடு: பாசுபேட்டு, ஆர்சனிக்கு ஆகியவற்றுக்கு ஏற்றது. மேற்கு வங்காளம் போன்று ஆர்சனிக்குச் சிக்கல் உள்ள பகுதிகளில் பயன்படுகிறது. புளோரைடுக்கு இது முதல் தேர்வு அன்று.

அலுமினா வாங்கும்போது குடிநீர்ப் பயன்பாட்டுக்கு உரிய தரமா என்பதையும், மணிகள் ஒரே அளவில் உள்ளனவா என்பதையும் பார்க்க வேண்டும். பொதுவாக ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான மணிகள் விரும்பப்படுகின்றன. மணி சிறியதானால் கவரும் வேகம் கூடும். ஆனால் மிகச் சிறியதானால் நீரோட்டம் தடைப்படும்.

கலனின் அளவைக் கணக்கிடுதல்

முதலில் கிணற்று நீரின் புளோரைடு அளவை ஆய்வகத்தில் அறிந்துகொள்ள வேண்டும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்களில் நீரைச் சோதித்துக்கொள்ளலாம். பின்னர் இரண்டு கணக்குகள் தேவை: ஊடகம் எத்தனை நாள் தாங்கும் என்பது ஒன்று, நீர் படுகையில் எவ்வளவு நேரம் இருக்கும் என்பது மற்றொன்று.

எடுத்துக்காட்டாக, ஒரு வீட்டுக் கிணற்றில் லிட்டருக்கு 4 மில்லிகிராம் புளோரைடு உள்ளதாகக் கொள்வோம். அதனை 1 மில்லிகிராமாகக் குறைக்க, லிட்டருக்கு 3 மில்லிகிராம் நீக்க வேண்டும். குடிக்கவும் சமைக்கவும் நாளொன்றுக்கு 20 லிட்டர் தேவையெனில், நாள்தோறும் நீக்க வேண்டியது 60 மில்லிகிராம். ஒரு கிலோகிராம் அலுமினா களத்தில் 1.5 கிராம் புளோரைடைக் கவரும் எனக் கொண்டால், 5 கிலோகிராம் அலுமினா 7.5 கிராம், அதாவது 7,500 மில்லிகிராம் கவரும். அதனை 60 ஆல் வகுக்க 125 நாட்கள் கிடைக்கும். எனவே நான்கு மாதத்திற்கு ஒருமுறை ஊடகத்தை மீளுருவாக்கவோ மாற்றவோ வேண்டும்.

அதே நீரை 200 மாணவர்கள் படிக்கும் பள்ளிக்கு, ஒருவருக்கு ஒன்றரை லிட்டர் வீதம் வழங்கினால், நாளொன்றுக்கு 300 லிட்டரும் 900 மில்லிகிராம் புளோரைடும் ஆகும். 50 கிலோகிராம் அலுமினா இட்டாலும் 83 நாட்களே தாங்கும். கொள்திறனை 1.5 கிராம் எனக் கொண்டது விளக்கத்திற்காகவே. அது நீருக்கு நீர் மாறும். முதல் சுற்றில் கிடைக்கும் உண்மையான நாட்கணக்கைக் கொண்டே அடுத்த சுற்றைத் திட்டமிட வேண்டும்.

தொடர்பு நேரம் என்பது படுகையின் கனவளவை நீரோட்ட வேகத்தால் வகுத்துப் பெறப்படுவது. மேற்கண்ட 5 கிலோகிராம் அலுமினா ஏறத்தாழ 6 லிட்டர் இடத்தை நிரப்பும். நீர் நிமிடத்திற்கு 0.6 லிட்டர் வீதம் சென்றால் தொடர்பு நேரம் 10 நிமிடம். மணிக்கு 10 லிட்டராகக் குறைத்தால் அது 36 நிமிடமாக உயரும். வீட்டுத் தேவைக்கு அவசரம் இல்லை என்பதால் மெதுவான ஓட்டமே நல்லது. குழாயை முழுவதும் திறந்துவிட்டால், ஊடகம் புதிதாக இருப்பினும் புளோரைடு நழுவி வெளியேறும்.

கலனின் வடிவமும் கருதத்தக்கது. அகன்று தாழ்ந்த படுகையில் நீர் ஒரு பக்கமாக வழி ஏற்படுத்திக்கொண்டு ஓடிவிடும். 10 சென்டிமீட்டர் உள்விட்டமுள்ள குழாயில் 6 லிட்டர் ஊடகம் ஏறத்தாழ 76 சென்டிமீட்டர் உயரத்திற்கு நிற்கும். இத்தகைய குறுகி உயர்ந்த படுகையில் நீர் எல்லா மணிகளையும் தொட்டுச் செல்லும்.

நிறுவும் முறை

1. குடிநீருக்கு ஏற்ற நெகிழி அல்லது துருப்பிடிக்காத எஃகுக் குழாயைத் தேர்ந்தெடுத்து, அடியில் துளைத்தட்டும் அதன்மேல் மெல்லிய வலையும் பொருத்த வேண்டும்.

2. வலையின் மேல் கழுவிய சிறு கூழாங்கற்களை ஒரு அடுக்காகப் பரப்ப வேண்டும். மணிகள் வெளியேறாமல் இது தடுக்கும்.

3. அலுமினாவை வாளியில் இட்டு, தூசு நீங்கும் வரை பலமுறை நீரில் அலச வேண்டும். கழுவாத ஊடகத்தின் தூசு வலையை அடைத்துவிடும்.

4. குழாயில் பாதியளவு நீர் நிரப்பிய பின்னர் அலுமினாவைச் சிறிது சிறிதாக இட வேண்டும். உலர்ந்த நிலையில் நிரப்பினால் இடையே காற்றுக் குமிழ்கள் தங்கும்.

5. படுகையின் மேல் மற்றொரு துளைத்தட்டை வைக்க வேண்டும். ஊற்றப்படும் நீர் படுகையைக் குழியாக்காமல் இது காக்கும்.

6. நீர் மேலிருந்து கீழாகச் செல்லும் கலனில், வெளியேறும் குழாயைப் படுகையின் மேல்மட்டத்தை விடச் சற்று உயரத்திற்கு வளைத்து ஏற்றிய பின்னரே வெளியே விட வேண்டும். நீர் ஊற்றாத நேரத்திலும் படுகை மூழ்கியிருக்க இது வழி செய்யும்.

7. வெளியேறும் இடத்தில் சிறு துளையோ அடைப்பிதழோ பொருத்தி, அளவிட்ட பாத்திரத்தையும் கடிகாரத்தையும் கொண்டு நீரோட்டத்தைச் சரிசெய்ய வேண்டும்.

8. முதலில் வெளிவரும் நீரை, படுகைக் கனவளவைப் போலப் பல மடங்கு, குடிக்காமல் விட்டுவிட வேண்டும். அதில் நுண்தூசும் சிறிதளவு அலுமினியமும் இருக்கக்கூடும்.

கலங்கிய நீராயின் முன்னதாக மணல் வடிகட்டி தேவை. இக்கலன் கிருமிகளைக் கொல்வதில்லை என்பதால், வெளிவரும் நீரைக் கொதிக்க வைத்தோ குளோரின் இட்டோ பயன்படுத்த வேண்டும்.

கண்காணிப்பு

புதிய படுகையில் மேற்பகுதி முதலில் நிறைகிறது. பின்னர் கவரும் பகுதி மெல்லக் கீழிறங்கி, அடிப்பகுதியை எட்டும்போது வெளிவரும் நீரில் புளோரைடு விரைவாக உயர்கிறது. அதாவது பல வாரங்கள் மாற்றமின்றி நல்ல நீர் தந்த கலன், சில நாட்களிலேயே பயனற்றதாகிவிடலாம். இதனால் தொடக்கத்தில் மாதம் ஒருமுறையும், கணக்கிட்ட காலத்தின் இறுதி நெருங்கும்போது வாரம் ஒருமுறையும் சோதிப்பது நல்லது. சாயத்தின் நிறமாற்றத்தைக் கொண்டு அளவிடும் களச் சோதனைப் பெட்டிகள் இதற்கு உதவும். துல்லியமான அளவீட்டுக்கு ஆய்வகங்களில் புளோரைடு அயனி மின்முனை பயன்படுகிறது.

பள்ளி போன்ற பொது இடங்களில் இரண்டு கலன்களை அடுத்தடுத்து இணைப்பது பாதுகாப்பானது. முதற்கலன் தீர்ந்தாலும் இரண்டாவது காக்கும். இரண்டிற்கும் இடையிலிருந்து மாதிரி எடுத்துச் சோதித்தால், முதற்கலனை எப்போது மாற்றுவது என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும். சோதித்த நாள், அளவு, வடித்த நீரின் மதிப்பீடு ஆகியவற்றை எழுதிவைக்கும் ஒரு குறிப்பேடு கலனின் அருகிலேயே இருப்பது நன்று.

மீளுருவாக்கமும் கழிவும்

தீர்ந்த அலுமினாவை நீர்த்த எரிசோடாக் கரைசலால் கழுவினால் புளோரைடு பிரிந்து வெளியேறும். பின்னர் நீர்த்த கந்தக அமிலத்தால் காரத்தன்மையை நீக்கி, நீரால் நன்கு அலசி மீண்டும் பயன்படுத்தலாம். ஒவ்வொரு சுற்றிலும் கொள்திறன் சிறிது குறையும். எரிசோடாவும் அமிலமும் தோலையும் கண்ணையும் கடுமையாகப் புண்ணாக்குபவை ஆதலால், இப்பணியைப் பயிற்சி பெற்றோர் ஓரிடத்தில் செய்துதருவதே முறை. வீடுகளில் செய்யத்தக்கது அன்று.

கழுவிய கரைசலில் பல மாதங்களாகச் சேர்ந்த புளோரைடு செறிந்திருக்கும். அதனைக் கிணற்றருகிலோ வயலிலோ ஊற்றினால் நீக்கிய நஞ்சு மீண்டும் நிலத்தடி நீரைச் சேரும். சுண்ணாம்பு சேர்த்துப் புளோரைடைக் கால்சியம் புளோரைடாகப் படியச் செய்து, அப்படிவைப் பாதுகாப்பாக அகற்ற வேண்டும்.

பிற முறைகள்

நாக்பூரில் உள்ள தேசிய சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் 1970களில் உருவாக்கிய நல்கொண்டா முறையில், நீரில் சுண்ணாம்பும் படிகாரமும் இட்டுக் கலக்கித் தெளிய விடுவர். செலவு குறைந்தது, எனினும் இடும் அளவு நீருக்கேற்ப மாறுவதோடு, வண்டலும் மிகுதியாகச் சேரும். எதிர்ச் சவ்வூடுபரவல் முறை புளோரைடின் பெரும்பகுதியை நீக்கும். ஆனால் மின்சாரம் தேவை, உள்வரும் நீரில் ஒரு பகுதி கழிவாகும். வறட்சி மிகுந்த மாவட்டத்தில் அக்கழிவு நீரும் கணக்கில் கொள்ளத்தக்கது.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு நிலையான தீர்வாக, புளோரைடு குறைந்த காவிரி நீரை வழங்கும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் புளோரோசிஸ் பாதிப்புக் குறைப்புத் திட்டம் வகுக்கப்பட்டது. 2008 பெப்ரவரி 26 அன்று அப்போதைய முதலமைச்சர் மு. கருணாநிதி இதற்கு அடிக்கல் நாட்டினார். ஜப்பானிய அரசின் கடனுதவியுடன் 1,928.80 கோடி ரூபாய் மதிப்பீட்டில் திட்டமிடப்பட்ட இதனை, 2013 மே 29 அன்று அப்போதைய முதலமைச்சர் ஜெ. ஜெயலலிதா தொடங்கி வைத்தார். நீர் வழங்கலுடன் புளோரோசிஸ் பற்றிய விழிப்புணர்வுப் பணியும் இத்திட்டத்தின் ஒரு கூறாகும்.

ஆற்று நீர் வந்தடையும் வீடுகளில் புளோரைடு நீக்கக் கலன் தேவைப்படாது. ஆயினும் குழாய் நீர் தடைப்படும் நாட்களிலும், ஊரை விட்டு விலகி வயல்களில் அமைந்துள்ள வீடுகளிலும் மக்கள் கிணற்று நீரையே நாடுகின்றனர். அத்தகைய கிணறுகளின் நீரைச் சோதித்து, குடிக்கத்தக்கது எது, தகாதது எது எனக் குறித்து வைப்பதே முதற்பணி. அருகில் புளோரைடு குறைந்த கிணறோ மழைநீர்த் தொட்டியோ இருப்பின், குடிநீருக்கு அதனைப் பயன்படுத்துவது எந்தக் கலனையும் விட எளிது. வேறு வழியில்லாத இடங்களில் கலன் தேவைப்படும்போது, ஊடகத்தின் விலையோடு சோதனைக்கும் மீளுருவாக்கத்திற்கும் ஆகும் செலவையும், அப்பொறுப்பை ஏற்பவர் யார் என்பதையும் தொடக்கத்திலேயே முடிவு செய்ய வேண்டும். பராமரிப்பின்றி விடப்பட்ட கலன், நல்ல நீரைக் குடிக்கிறோம் என்ற நம்பிக்கையை மட்டுமே தரும். அந்நம்பிக்கையில் குழந்தைகள் பழைய நீரையே தொடர்ந்து பருகுவர் என்பதே இதில் உள்ள பெரும் இடர் ஆகும்.